எலி வாடை

ஆங்கிலத்தில் 'ஐ ஸ்மெல் எ ராட்' என்று ஒரு சொல்வழக்கு உண்டு. 'எலி வாடை அடிக்குது' என்று அப்படியே தமிழில் சொன்னால், கேட்பவர் பரணைப் பார்ப்பார். ஆனால் இதில் எலிக்கு வேலையே இல்லை. "இதுல ஏதோ சூது இருக்கு, என்னன்னுதான் பிடிபடல" என்பதே பொருள். நிலம் வாங்க வந்தவர் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத உறவுக்காரர் பழக்கூடையும் பூவுமாக வாசலில் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் மனசுக்குள் ஒன்று முணுமுணுக்குமே, அதற்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் எலி வாடை. நாமானால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்போம்.

இதன் பயன்பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எலியைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சொல்வழக்குக்கு இடமில்லை. கையில் ஆதாரம் இருப்பவன் வாடையைப் பற்றிப் பேசமாட்டான், நேரே குற்றச்சாட்டுக்கு வந்துவிடுவான். வாடை என்பது ஆதாரம் வருவதற்கு முந்தைய நிலை. இதே வேலையைச் செய்யும் 'ஃபிஷி' என்ற சொல்லோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 'சம்திங் ஃபிஷி' என்னும்போது குறை எதிரே இருக்கும் விஷயத்தின்மேல் ஏற்றப்படுகிறது. எலிக்கதையில் 'நான்' முன்னால் வந்து நிற்கிறது. நான் மோப்பம் பிடித்தேன். என் மூக்குதான் சாட்சி.

ஐரோப்பாவில் இந்த மூக்கு பல மொழிகளுக்குப் பொது. ஜெர்மானியன் வெடிமருந்துத் திரியின் வாடையைப் பிடிக்கிறான். எல்லோரும் மூக்கையே நம்புகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரனுக்குப் பாறையடியில் விலாங்கு ஒளிந்திருக்கிறது. ஸ்பானியனுக்கு உள்ளே எங்கோ ஒரு பூனை அடைபட்டுக் கிடக்கிறது. தமிழைப் பாருங்கள். மோப்பம் பிடிப்பது நம்மிடமும் உண்டுதான். ஆனால் சந்தேகம் என்று வந்ததும் நம் வாயில் முதலில் வருவது தொடுவுணர்வு. 'எங்கேயோ இடிக்குதே' என்கிறோம். மனசை உறுத்துகிறது, ஏதோ நெருடுகிறது என்கிறோம். சோற்றில் கல் பல்லில் படுவதுபோல நமக்குச் சந்தேகம் மேலே வந்து முட்டுகிறது. ஆங்கிலேயனுக்கு அது காற்றில் மிதந்து வருகிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் அவன் சிக்கல். அந்தச் சிக்கலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இந்தச் சொல்வழக்குக்கு இப்போது ஏறக்குறைய ஐந்நூறு வயது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாதிரிமார்களின் பாசாங்கைச் சாடி எழுதப்பட்ட, ஆசிரியர் பெயரில்லாத ஒரு நையாண்டிப் பாட்டில் அது வருகிறது. இங்கிலாந்து ரோமாபுரியை விட்டுப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. அண்டைவீட்டான் எந்த மதத்தான், எந்தப் பக்கத்தான் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நாட்கள். சந்தேகத்தைச் சொல்ல ஒரு கைச்சொல் தேவைப்பட்டதில் வியப்பில்லை. 1663-இல் சாமுவேல் பட்லரின் 'ஹூடிபிராஸ்' என்ற அங்கதக் காவியத்தில், வீரன் தன் பணியாளிடம் இதே சொல்லை வீசுகிறான். 1755-இல் வந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் பூனையை வைத்து இதற்குப் பொருள் சொன்னார். எலியின் வாடை பட்டதும் பூனை விழித்துக்கொள்கிறதல்லவா, அதுபோல என்று.

ஜான்சனின் பூனை எனக்குப் பிடித்த விளக்கம். வாடை பட்ட பூனை உடனே பாய்வதில்லை. காதை விறைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். எலி எந்தப் பொந்தில் இருக்கிறது என்று தெரியும்வரை அதற்குப் பொறுமை உண்டு. மனிதக்கூட்டத்துக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1678-ஆம் ஆண்டு லண்டனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த வருஷம் டைட்டஸ் ஓட்ஸ் என்றொருவன் ஒரு கதையோடு வந்தான். மன்னர் இரண்டாம் சார்லஸைக் கொன்றுவிட்டு நாட்டை மீண்டும் கத்தோலிக்கமாக்க ஏசுசபையினர் சதி செய்கிறார்கள் என்பது கதை. முழுப்பொய். ஆனால் ஊர் ஏற்கெனவே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தது. மன்னரின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர், அரசி கத்தோலிக்கர், பிரான்சோடு ஏதோ உறவு ஓடுகிறது என்ற முணுமுணுப்பு எங்கும் இருந்தது. ஓட்ஸின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த நீதிபதி எட்மண்ட் பெரி காட்ஃப்ரி அந்த அக்டோபரில் காணாமல் போனார். சில நாள் கழித்து, 17-ஆம் தேதி, ப்ரிம்ரோஸ் குன்றருகே பிணமாகக் கிடைத்தார். அதற்குமேல் யாரையும் தடுக்க முடியவில்லை. ஜேம்ஸின் மனைவிக்குச் செயலாளராக இருந்த எட்வர்ட் கோல்மனின் கடிதங்கள் பிடிபட்டன. பிரெஞ்சு மன்னரின் பாவமன்னிப்புக் குருவுக்கு அவர் எழுதியவை. அவற்றில் கொலைத்திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் 'பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேனே!' என்று சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. டிசம்பரில் அவரைக் கொன்றார்கள்.

1681 ஜூலையில் அயர்லாந்தின் பேராயர் ஆலிவர் பிளங்கெட் தூக்கிலிடப்படும்வரை இந்த ஆட்டம் ஓடியது. அதற்குள் ஒரு பாவமும் அறியாத பலர் செத்துப்போயிருந்தார்கள். 1685-இல் ஓட்ஸ் பொய்ச்சாட்சிக் குற்றவாளியானான். கட்டையில் பூட்டி ஊர் பார்க்க நிறுத்தினார்கள், சாட்டையால் அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள். சில வருஷத்தில் ஆட்சி மாறியது. அவன் வெளியே வந்தான், ஓய்வூதியமும் வாங்கினான்!

இந்தக் கதையில் ஓட்ஸைச் சரியாக மோப்பம் பிடித்த ஒருவர் உண்டு. அது மன்னர் சார்லஸேதான். ஓட்ஸை அவர் நேரில் குறுக்குக் கேள்வி கேட்டார். ஸ்பெயினின் டான் ஜானைச் சந்தித்ததாகச் சொல்கிறாயே, ஆள் எப்படி இருப்பார் என்றார். உயரமாக, ஒல்லியாக, கறுப்பாக என்றான் ஓட்ஸ். மன்னருக்கு டான் ஜானைத் தெரியும். அவர் அப்படி இருக்கமாட்டார் என்பதும் தெரியும். இவன் புளுகன் என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஊரின் ஆவேசத்துக்கு எதிரே நின்று தடுக்க அவருக்குத் துணிவில்லை. மரண தண்டனைகள் நிறைவேறின.

ஏன் துணியவில்லை? இங்கேதான் கதை திரும்புகிறது. எட்டு வருஷம் முன்னால், 1670-இல், டோவரில் சார்லஸ் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். பிரான்சிலிருந்து பணம் வரும். பதிலுக்கு டச்சுக்காரர்மேல் போர்தொடுக்கவேண்டும், சமயம் பார்த்துத் தான் கத்தோலிக்கர் என்று சார்லஸ் அறிவிக்கவும் வேண்டும். அமைச்சர்களிலேயே சிலருக்குத்தான் இந்த ரகசியம் தெரியும். மற்றவர்களை ஏமாற்ற, மதம் மாறும் பகுதியை நீக்கிய இன்னோர் ஒப்பந்தமும் தயாரானது.

ஆகவே லண்டன்காரர்களின் மூக்கு முழுக்கப் பழுதில்லை. வாடை நிஜம், எலியும் நிஜம். அது அரண்மனையில் ராஜாவின் பெட்டிக்குள் இருந்தது. அவர்களோ பாதிரிமார்களின் பொந்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வாடை உண்டா இல்லையா என்பதை மட்டுமே மூக்கு சொல்லும். எந்தப் பொந்து என்று அதற்குத் தெரியாது. பொந்தைக் காட்டுகிறேன் என்று சத்தமாகச் சொல்பவன் பின்னால் ஊர் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் நடந்தது. இந்தச் சொல்வழக்கோடு சேர்த்து அதிகம் பேசப்படும் பெயரும் அங்கிருந்துதான் வருகிறது: பேட்ரிக் ஹென்றி. வெர்ஜினியாக்காரர், வழக்கறிஞர், கேட்பவரைக் கட்டிப்போடும் பேச்சாளர். விடுதலை வேண்டும், இல்லையேல் சாவு என்ற 1775-ஆம் ஆண்டுப் பேச்சால் உலகப்புகழ் பெற்றவர்.

1787-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாடு கூடியது. பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்களும் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்கு மட்டும் என்று காங்கிரஸ் தெளிவாகச் சொல்லித்தான் மாநாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. வெர்ஜினியா ஹென்றியையும் பிரதிநிதியாகத் தேர்ந்தது. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எலி வாடை அடித்தது என்று சொன்னாராம்.

'சொன்னாராம்'தான். அந்த வாக்கியம் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வழியாகவே நமக்குக் கிடைத்தது. அவருடைய 1775 பேச்சுகூட வில்லியம் வர்ட் என்பவர் 1817-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் நினைவுகளைக் கொண்டு திரட்டப்பட்டதே. சந்தேகத்தைப் பற்றிய புகழ்பெற்ற வாக்கியத்தின்மேலேயே கொஞ்சம் சந்தேகம் வைக்கவேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மனநிலை பொய்யில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. 1786-இல் ஸ்பெயினோடு பேரம் பேசிய ஜான் ஜே, வணிகச் சலுகைக்காக மிசிசிப்பி ஆற்றில் படகு விடும் உரிமையைப் பல வருஷங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றார். வடக்கே ஏழு மாநிலங்கள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. தெற்கத்தியர்களுக்கு அது முதுகில் குத்தியதுபோல ஆயிற்று. மிசிசிப்பி விவகாரத்துக்குப் பிறகு ஹென்றி மனம் கசந்துவிட்டார் என்று ஜேம்ஸ் மேடிசன் வாஷிங்டனுக்கு அந்த டிசம்பரிலேயே எழுதினார்.

பிலடெல்பியாவில் நடந்ததோ மூக்குள்ள யாருக்கும் வாடை அடிக்கும்படிதான் இருந்தது. உள்ளே பேசுவது எதுவும் வெளியே போகக்கூடாது என்று தொடக்கத்திலேயே விதி செய்தார்கள். வாசலில் காவல் போட்டார்கள். பாரீஸிலிருந்த ஜெபர்சன்கூட, பிரதிநிதிகளின் நாக்கைக் கட்டிப்போட்டது தவறான முன்னுதாரணம் என்று ஜான் ஆடம்ஸுக்கு எழுதினார். மேடிசன் அங்கே எழுதிவைத்த குறிப்புகள் அச்சேறியது 1840-இல், அவர் இறந்த பிறகு. செப்டம்பர் 17-ஆம் தேதி கதவு திறந்தபோது, திருத்தப்போனவர்கள் பழையதை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தம்புதிதாக ஓர் அரசியல் சட்டத்தையே எழுதிக்கொண்டு வெளியே வந்தார்கள். ரிப்பேருக்கு விட்ட வீட்டை இடித்துவிட்டு வேறு வீடு கட்டிச் சாவியை நீட்டினால் எப்படி இருக்கும்! அதில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கென்று ஒரு பட்டியலும் இல்லை. வெர்ஜினியாவின் ஜார்ஜ் மேசன் அதற்காகவே கையெழுத்துப் போடமாட்டேன் என்று திரும்பிவந்தார்.

ஹென்றி அதற்கப்புறம் செய்ததில்தான் ஓட்ஸின் லண்டனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்து புறம் பேசவில்லை. 1788 ஜூனில் ரிச்மண்டில் வெர்ஜினியா மாநாடு கூடியபோது நேரே போய் உட்கார்ந்தார். இந்த முறை கதவு திறந்திருந்தது. பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, 'மாநிலங்களாகிய நாங்கள்' என்று எழுதாமல் 'மக்களாகிய நாங்கள்' என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்பது. வரி போடும் அதிகாரத்துக்கு எல்லை எங்கே, நிரந்தரப் படை எதற்கு, ஜூரி விசாரணைக்கு உத்தரவாதம் எங்கே, பேச்சுரிமையும் மத உரிமையும் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன என்று பெரும்பாலான நாட்களும் எழுந்து கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தேகத்தைக் கேள்வியாக மாற்றி, எதிராளி பதில் சொல்லும்படி மேசைமேல் வைத்தார். எதிரே மேடிசன் மெல்லிய குரலில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

ஜூன் 25 வாக்கெடுப்பில் ஹென்றி தோற்றார். 89-க்கு 79. பத்து வாக்கு வித்தியாசம். தோற்றபின் அமைதியான குடிமகனாகவே இருப்பேன், சட்டவழியில் மாற்றப் பார்ப்பேன் என்று அறிவித்தார். ஆனால் வென்றவர்களும் உரிமைகளைப் பட்டியலிட்டுத் திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையை மாநாட்டின் பெயரால் சேர்த்து அனுப்பவேண்டியதாயிற்று. பிறகு ஹென்றியின் செல்வாக்கால் மேடிசனுக்கு செனட்டர் பதவி கிடைக்கவில்லை. கீழ்ச்சபைக்குப் போட்டியிட்ட மேடிசன் திருத்தங்களுக்குப் பாடுபடுவதாக வாக்களித்தே ஜெயித்தார். 1789 ஜூன் 8 அன்று அவரே திருத்தங்களை முன்வைத்தார். பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தன. அன்று கடைசியாக ஒப்புதல் தந்து எண்ணிக்கையை நிறைவு செய்தது வெர்ஜினியாவேதான். அமெரிக்காவில் இன்றைக்கும் ஒருவன் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடிகிறதென்றால், அதில் ஹென்றியின் மூக்குக்கும் பங்குண்டு. அந்தத் திருத்தங்கள் போதாது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அதே சொல்வழக்கு அட்லாண்டிக்கின் மறுகரையில் சிரிப்பாய்ச் சிரித்தது. டப்ளினிலிருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தில் சர் பாய்ல் ரோச் என்றோர் உறுப்பினர். உவமைகளைக் கன்னாபின்னாவென்று கலந்து பேசுவதில் பேர்போனவர். எலி வாடை அடிக்கிறது, அது காற்றில் உருவெடுத்து வானத்தையே இருட்டாக்குகிறது, ஆனாலும் மொட்டிலேயே கிள்ளி எறிவேன் என்று அவையில் முழங்கினார் என்பார்கள். எலி மேகமாகிப் பூவுமாகிவிட்டது. இன்றுவரை ஆங்கில இலக்கணப் பாடங்களில் உவமைக் குழப்பத்துக்கு இதுதான் உதாரணம்.

ஆனால் சிரித்துமுடித்த பிறகு அந்த அவையின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அயர்லாந்தை பிரிட்டனோடு இணைக்கும் திட்டம் 1799-இல் அந்த அவையில் சில வாக்குகளில் தோற்றது. அடுத்த வருஷம் நிறைவேறியது. இடையில் பிரபுப் பட்டங்கள் தாராளமாகக் கிடைத்தன. தொகுதி இழக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு தொகுதிக்கு 15,000 பவுண்டு இழப்பீடு என்று சட்டமே போட்டார்கள். 1801 ஜனவரி 1 முதல் அந்த நாடாளுமன்றமே இல்லை. ரோச் இணைப்பை ஆதரித்தவர். வானத்தில் எலி தேடியவர்கள் தங்கள் அவையையே கொறித்துக்கொண்டிருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. கட்டடம் மட்டும் மிச்சமிருந்து பிறகு பேங்க் ஆஃப் அயர்லாந்துக்குப் போனது.

ரோச்சைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஹென்றியிடம் வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரத்தின் வாடையை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே பிடித்த அந்த மனிதர், வாழ்நாள் முழுக்க அடிமைகளை வைத்திருந்தார். தெரியாமல் செய்யவில்லை. 1773-இல் ராபர்ட் பிளசன்ட்ஸ் என்ற குவேக்கருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அடிமைமுறைக்கு எதிரான ஒரு புத்தகத்தை பிளசன்ட்ஸ் அனுப்பியிருந்தார். அதற்கு நன்றி சொல்லி எழுதிய பதில். நானே விலைகொடுத்து வாங்கிய அடிமைகளுக்கு எஜமானன் நான், அவர்களில்லாமல் இங்கே வாழ்வது வசதிப்படவில்லை, இதை நியாயப்படுத்தமாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். பதினைந்து வருஷம் கழித்து, ரிச்மண்டில் உரிமைகளுக்காக முழங்கிய அதே மேடையில், இந்தப் புதிய அரசாங்கம் ஒருநாள் உங்கள் அடிமைகளை விடுவித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். அவர் மோப்பம் பிடித்த எலிகளில் ஒன்று மற்றவர்களின் விடுதலை! 1799-இல் ரெட் ஹில் பண்ணையில் இறந்தபோது அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு அடிமைகளாக இருந்தார்கள். அந்த அறுபது பேரின் மூக்கில் எந்த வாடை அடித்தது என்று யாரும் சுருக்கெழுத்தில் எடுக்கவில்லை.

மூக்கின் இயல்பே இப்படித்தான். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைபவனுக்குச் சட்டென்று அடிக்கும் வாடை, உள்ளேயே இருப்பவனுக்குத் தெரியாது. ஒரு வாசனைக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கருவாட்டுக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார். 'ஐ ஸ்மெல் எ ராட்' என்ற வாக்கியத்தை முதல் ஆளாக நின்று சொல்பவர்கள் அநேகமாக அடுத்த வீட்டைப் பார்த்தே சொல்வது அதனால்தான்.

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறள், 510, இதற்கு இரண்டு கரை கட்டுகிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவது, ஆராய்ந்து நம்பியபின் அவர்மேலேயே ஐயப்படுவது, இரண்டுமே தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். அவர் அரசனுக்குச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆராய்ச்சி ஒன்றுதான். 1678-இல் லண்டன் தவறவிட்டதும், 1788-இல் ரிச்மண்ட் ஓரளவு செய்ததும் அது. ஹென்றியின் பண்ணைக்குள் அது நுழையவே இல்லை.

நம் கைபேசிகள் இப்போது நாள்பூராவும் எலி வாடையைத்தான் விநியோகிக்கின்றன. இன்னாருக்குப் பின்னால் இன்னார், இந்தச் சமூகத்துக்குப் பின்னால் அந்தச் சதி. முன்னனுப்பியவர் பெயர் தெரியாது, பொந்து மட்டும் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாடையே இல்லை என்று சாதிப்பதில் அர்த்தமில்லை, பல சமயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொந்தைக் காட்டும் கை யாருடையது, எதிராளி பதில் சொல்லக் கதவு திறந்திருக்கிறதா, அதே வாடை நம் வீட்டில் அடித்தால் இதே மூக்கு வேலை செய்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்கு நாமே பதில் சொன்னால் செல்லாது. வெளியிலிருந்து யாராவது உள்ளே வந்து சொல்லவேண்டும். அப்படி ஒருவர் வந்து முகம் சுளித்தால் கோபம் வரத்தான் செய்யும். பிளசன்ட்ஸின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஹென்றி நன்றியாவது சொன்னார்.